பாட்டை நிறுத்துவதா, பாராட்டை நிறுத்துவதா?

தளவாய்புரத்தில் ஒரு கூட்டம். பேசிவிட்டு வந்தோம். கைதட்டல் கிடைத்தது. தோளுக்குத் துண்டு கிடைத்தது. இவற்றோடு, விடை சொல்ல இயலாத கேள்வி ஒன்றும் கிடைத்தது. துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டோம். கேள்வியை மடித்து வைக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ராசபாளையத்துக்குப் பக்கத்து ஊர் தளவாய்புரம். நைட்டி தைக்கும் ஊர். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓசை. சேலை விற்கும் பெருநகரக் கடையில் இவ்வூரின் பெயர் எழுதியிருப்பதில்லை; ஆனால் சந்தையிலும் சாலையோரத்திலும் தொங்குகிற எத்தனையோ நைட்டிகளில் இவ்வூர்ப் பெண்களின் கையும் காலும் கண்ணும் உழைத்த உழைப்பு இருக்கிறது.

கூட்டம் மாலையில். பிற்பகலே போய்ச் சேர்ந்த நாம், கிளைத் தோழர் ஒருவரின் தையல் கூடத்தில் அமர்ந்திருந்தோம். பன்னிரண்டு மிஷின்கள். மூலையில் ஒரு சிறு ஸ்பீக்கர். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படப்பாட்டு. தாய் மகளைப் பாடுகிற பாட்டு.

“அண்ணே, அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க” என்றார் ஓவர்லாக் மிஷினில் இருந்த தங்கை. இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும்.

“ஏம்மா, நல்ல பாட்டுதான?”

“எழுதுனவரு யாருன்னு தெரியும்ல?”

நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மூத்த அம்மையார் தலை நிமிராமலே சொன்னார்: “எழுதுனவரப் பாத்தா எப்படி? பாடுறது யாரு? அந்தப் பிள்ளதானடி!”

தோழர்களே, அந்த அம்மையார் சொன்னதில் அடங்கியிருக்கிறது முழு வழக்கும். 2002-இல் வெளிவந்த படம் அது. இசை ஏ.ஆர்.ரகுமான். பாடலை எழுதியவர் கவிஞர் வைரமுத்து. அதற்காக இந்திய அரசின் தேசிய விருது பெற்றார். பாடியவர் சின்மயி. அவருடைய முதல் திரைப்பாட்டு அது. அதற்காகத் தமிழ்நாடு அரசின் விருது பெற்றார். ஒரே பாட்டு. ஒருவர் சொல், ஒருவர் குரல். 2018 அக்டோபரில் அந்தக் குரலுக்குரியவர், அந்தச் சொல்லுக்குரியவர் மீது பாலியல் தொல்லைப் புகார் கூறினார்!

“நீங்களே சொல்லுங்கண்ணே, இந்தப் பாட்டக் கேக்கலாமா, கூடாதா?” என்று கிளைத் தோழர் நம்மிடம் தீர்ப்புக் கேட்டார்.

மேடைக்காரனுக்கு விடைக்குப் பஞ்சமா? “கலை வேறு, கலைஞன் வேறு. மலரை முகர்கிறோம், அது வளர்ந்த மண்ணையா முகர்கிறோம்?” என்றோம். நமக்கே நம் விடை இனித்தது. அந்தத் தங்கைக்கு இனிக்கவில்லை.

“சரிண்ணே, பாட்டு கெடக்கட்டும். நாளைக்கு நான் ஒருத்தரு மேல இப்படி ஒரு புகாரச் சொன்னா, நீங்கள்லாம் என்ன நடந்துச்சுன்னு கேப்பீங்களா? இல்ல, அவரு நம்ம ஆளான்னு பாப்பீங்களா?”

மிஷின்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. நமக்குத்தான் பேச்சு நின்றது. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கிறோம்.

குற்றச்சாட்டு என்பது வேறு, குற்றம் என்பது வேறு. இதை மறப்பவன் நீதி பேசத் தகுதியற்றவன். தமிழ்நாடு இதைக் கண்ணீர் விட்டுக் கற்றிருக்கிறது. எம்.கே.தியாகராச பாகவதர் பாடினால் பாமரனும் கேட்டான், பண்டிதனும் கேட்டான். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அந்தப் பாகவதர், அதே ஆண்டு நவம்பரில் நடந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டார். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரணை. 1947 ஏப்ரலில் விடுதலை! வெளியே அவருடைய படம் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே அவர் சிறையில் இருந்தார். படம் பார்த்த மக்கள் ‘கொலைகாரன் பாட்டைக் கேட்கிறோமே’ என்று காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

விடுதலைக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். கலைவாணர் மீண்டும் எழுந்தார். 1949-இல் அறிஞர் அண்ணாவின் எழுத்தில் ‘நல்லதம்பி’ தந்தார். பாகவதரோ ‘ராஜமுக்தி’ தந்தார், ‘அமரகவி’ தந்தார். பழைய கூட்டம் வரவில்லை. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு வரவில்லை! ஆகவே, மக்கள் ஒரு கலைஞனை ஏற்பதும் விடுவதும் தீர்ப்பு நகலைப் படித்துப் பார்த்து அல்ல என்பது விளங்கும்.

“பார்த்தீர்களா, பாகவதர் மேல் பழி வந்தது, பிறகு போயிற்று; எனவே எந்தப் புகாரையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்” என்பார் சிலர். தவறான பாடம்! பாகவதர் வழக்கில் விசாரணை இருந்தது. சாட்சி இருந்தது, குறுக்கு விசாரணை இருந்தது, மேல்முறையீடு இருந்தது. கேட்டதால்தான் உண்மை வெளிவந்தது. கேட்காமல் விட்டிருந்தால் பழி பழியாகவே நின்றிருக்கும். முறையாகக் கேள் என்பதுதான் அந்த வழக்கு தரும் பாடம்.

அடுத்து ஒன்று. ‘சிக்கலுக்குரிய கலைஞர்’ என்கிறார்களே, சிக்கல் எத்தகையது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? கருத்தால் வந்த சிக்கல் ஒன்று. நடத்தையால் வந்த சிக்கல் ஒன்று. இரண்டையும் ஒரே தராசில் போடுவது மிளகாயையும் மிளகையும் ஒன்றென்பது போலாகும்.

தளவாய்புரத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வெளியூர் போக வேண்டியதில்லை. 2018 சனவரி 7. அதே கவிஞர், அதே ராசபாளையத்தில், ஆண்டாளைப் பற்றி ஓர் ஆய்வுரை ஆற்றினார். உரையில் ஒரு மேற்கோள். பற்றிக்கொண்டது நெருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாநோன்பு இருந்தார். ஆண்டாள் சந்நிதிக்கு வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். ஊர் ஊராக ஆர்ப்பாட்டம், வழக்கு, வசை. அப்போது நாம் என்ன சொன்னோம்? ‘சொல்லுக்குச் சொல்லால் விடை கொடு, மிரட்டாதே’ என்றோம். கவிஞர் பக்கம் நின்றோம். சரியாகவே நின்றோம். இன்று நேர்ந்தாலும் அங்கேதான் நிற்போம்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மியூசிக் அகாடமி ‘சங்கீத கலாநிதி’ விருதை டி.எம்.கிருஷ்ணாவுக்கு அறிவித்தது. அவ்வளவுதான், இசைவாணர்கள் ரஞ்சனியும் காயத்ரியும் அந்த ஆண்டு விழாவில் பாட மாட்டோம் என்று விலகினார்கள். அவர்கள் எடுத்துச் சொன்ன காரணங்களில் ஒன்று, கிருஷ்ணா தந்தை பெரியாரைப் போற்றுகிறார் என்பது! சுருதி பிசகினாரா? தாளம் தவறினாரா? இல்லை; பெரியாரைப் பாடினார். அந்தச் சகோதரிகளுக்கு விலகும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விருதைப் பறிக்க அது காரணமாகுமா? ஆகாது என்றோம். அகாடமியும் அசையவில்லை, 2025 சனவரி முதல் நாள் விருது வழங்கப்பட்டது.

சனவரி 2018-இல் நாம் சரி. 2024-லும் சரி. இடையில் ஓர் அக்டோபர் இருக்கிறதே, அங்கேதான் நம் நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

சின்மயி தம் பெயரோடு, முகத்தோடு வந்து கூறினார். வேறு சில பெண்கள் பெயர் வெளியிடாமல் கூறினார்கள். கவிஞர் மறுத்தார், பொய் என்றார், வழக்குத் தொடுத்தால் சந்திக்கத் தயார் என்றார். அவரைக் குற்றவாளி என்று நாம் இங்கே தீர்ப்பெழுதவில்லை. அந்த அதிகாரம் நமக்கு இல்லை. மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. நாம் கேட்பது, நாம் என்ன செய்தோம் என்பதை.

“இத்தனை ஆண்டு ஏன் வாய் திறக்கவில்லை?” என்றார்கள் நம் தோழர்கள் சிலர். “யார் தூண்டினார்கள்?” என்றார்கள் சிலர். இன்னும் சிலர், சொல்லவே நாணுகிறோம், அந்தப் பெண்ணின் சாதியைப் பார்த்தார்கள். ‘தமிழ்க் கவிஞரை வீழ்த்த அக்கிரகாரத்துச் சதி’ என்றார்கள். பிறப்பைப் பார்க்காதே என்று தெருத்தெருவாகப் பேசிய இயக்கத்துப் பிள்ளைகள், ஒரு பெண் புகார் சொன்னதும் முதலில் பார்த்தது பிறப்பை! ஊருக்கு உபதேசம் செய்த நாமோ? அவர்களைக் கண்டிக்கவில்லை. எழுதவில்லை. பேசவில்லை. மேடையில் ஏற நமக்கு நேரமிருந்தது, இதற்கு நேரமில்லை.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று நூலெழுதிக் கேட்டவர் பெரியார். ‘எந்தச் சாதிப் பெண்’ என்று அந்தத் தலைப்பில் அவர் அடைமொழி சேர்க்கவில்லை.

புகாருக்குப் பின் யார் என்ன இழந்தார்கள் என்ற கணக்கையும் பார்ப்போம். 2018 அக்டோபர் 4-இல் வெளிவந்த ‘96’ படத்தில் நாயகி திரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. படம் ஓடியது, ஊரெல்லாம் அந்தக் குரலைப் பாராட்டியது. மறுமாதமே டப்பிங் கலைஞர் சங்கம் அவரை நீக்கிவிட்டது. சந்தா கட்டவில்லை என்றது சங்கம். அதை அவர் ஏற்கவில்லை. தமிழ்ப் படத்தில் திரிஷாவுக்கு மீண்டும் அவர் குரல் ஒலிக்க 2023-இல் ‘லியோ’ வரவேண்டியிருந்தது. சங்கம் என்பது உழைப்பவனுக்குக் கவசம் என்று கற்றவர்கள் நாம். சந்தா பாக்கி என்றால் நினைவூட்டுக் கடிதம் எழுதுவதா, வாயை அடைப்பதா? தொழிற்சங்கத் தோழர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

‘கலையைக் கலைஞரிடமிருந்து பிரித்துப் பார்’ என்பது புது யோசனை என்று எண்ணுகிறீர்களா? இந்த நாட்டில் பழைய வேலை அது! கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள் பாட்டையும் ஆட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். மிராசுதாரர் ரசித்தார், மடாதிபதி ரசித்தார். கலைக்குக் கைதட்டினார்கள், கலைஞரைத் ‘தாசி’ என்றார்கள். பிறகு சதிர் ‘பரதநாட்டியம்’ ஆயிற்று. மேல்தட்டு வீட்டுப் பெண்கள் மேடையேறினார்கள். ஆடிக் காத்தவர் வாசலுக்கு வெளியே. கலை புனிதமாம், காத்தவள் தீட்டாம்! அந்த இழிவை உள்ளிருந்தே கண்டு, 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலாகவே எழுதினார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-இல்தான் பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது.

கவனித்தீர்களா தோழர்களே? கலைஞர் ஏழைப் பெண்ணாயிருந்தால், அவளை எறிந்துவிட்டுக் கலையை எடுத்துக்கொள்ளப் பிரித்தார்கள். கலைஞர் புகழ்பெற்ற ஆணாயிருந்தால், அவரைக் காப்பாற்றுவதற்காகப் பிரிக்கிறார்கள். கத்தி ஒன்றுதான். அது யார் பக்கம் திரும்புகிறது என்பதில் இருக்கிறது சூது.

அப்படியானால் கேட்கலாமா, கூடாதா?

கேட்பது என்பது காதுக்கும் மனத்துக்கும் உள்ள உறவு. மகளை மடியில் போட்டுத் தட்டியபடி ஒரு தாய் அந்தப் பாட்டை முணுமுணுத்தால், அவளை நிறுத்தி விசாரிக்க யாருக்கும் உரிமையில்லை. எழுதியவர் பேரால் அதை எரித்தால், பாடியவரும் சேர்ந்து எரிகிறார். வயலின் வாசித்தவரும், புல்லாங்குழல் ஊதியவரும் எரிகிறார்கள். பாட்டு பலர் உழைத்த பண்டம், நைட்டியைப் போல. வெட்டியவர் ஒருவர், தைத்தவர் ஒருவர், பிசிறு நீக்கியவர் ஒருவர். பிசிறு வெட்டிய அம்மையார் சொன்னது இதைத்தான்.

பாராட்டுவது அப்படியன்று. மாலை போடுவது, மேடை தருவது, விருது கொடுப்பது, ‘இவரைப் போல் ஆகுக’ என்று இளைஞருக்குக் காட்டுவது இவையெல்லாம் பொதுச் செயல்கள். அங்கே பாட்டு மட்டும் உட்காருவதில்லை, ஆளும் உட்காருகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் பெண், ‘இவருக்கு முன்னால் என் சொல் எடுபடாது’ என்று கற்றுக்கொள்கிறாள். எனவே, கடுமையான புகார் விசாரிக்கப்படாமல் நிற்கும்போது, மாலையைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது தண்டனையாகாது. அது பொறுமை.

2021 மே மாதம் கேரளத்தில் ஓ.என்.வி. இலக்கிய விருது இதே கவிஞருக்கு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. மறுபரிசீலனை செய்வோம் என்றது விருதுக்குழு. விருது வேண்டாம் என்று கவிஞரே கூறிவிட்டார். அவருடைய பாட்டை ஒருவரும் தடை செய்யவில்லை. பாராட்டு மட்டும் நின்றது. இன்னொன்று, நாம் எத்தனையோ முறை கண்டித்த மியூசிக் அகாடமி, 2018 டிசம்பர் விழாவிலிருந்து, புகாருக்கு ஆளான ஏழு கலைஞர்களை நீக்கியது. அவர்கள் செய்தது முழு நீதியா என்று வாதிடலாம். ஆனால், புகார் காதில் விழுந்ததாகவாவது காட்டிக்கொண்டார்கள். நாம் அதைக்கூடச் செய்யவில்லையே!

வேறொரு நாட்டையும் காண்போம். ஜெர்மானிய இசைமேதை வாக்னர் 1883-இலேயே மாண்டவர்; யூதரை இழித்து எழுதியவர்; இட்லருக்கு உகந்தவர். 1938-க்குப் பின் பாலஸ்தீனத்து யூத இசைக்குழு அவர் இசையை நிறுத்தியது. இஸ்ரேல் பிறந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. சட்டம் போட்டல்ல, வதைமுகாமில் தாயையும் தந்தையையும் இழந்தவர் அரங்கில் அமர்ந்திருக்கிறாரே என்பதற்காக. 2001 சூலையில் ஜெருசலேமில், நிகழ்ச்சி முடிந்ததும், இசை நடத்துநர் பாரன்பாயிம் அவையைப் பார்த்துக் கேட்டார்: வாக்னரை வாசிக்கட்டுமா, விரும்பாதவர் செல்லலாம் என்று. அரை மணி நேரம் வாதம். சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் கேட்டார்கள். ஒருவர் காயத்தை இன்னொருவர் மதித்தார். ஒருவர் ரசனையை இன்னொருவர் பறிக்கவில்லை.

தளவாய்புரத்துத் தையல் கூடத்துக்கும் இதே முறை போதும். கேட்க முடியவில்லை என்று ஒரு தங்கை சொன்னால், பாட்டை மாற்றுங்கள். தமிழில் பாட்டுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் கலையும் சாகாது, உரிமையும் சாகாது.

ஆனால் அந்தத் தங்கை கேட்டது பாட்டைப் பற்றியல்லவே! தன்னைப் பற்றி. அதற்கு விடை சொல்லாமல் போனால், இந்தக் கட்டுரையும் இன்னொரு மேடைப்பேச்சாகிவிடும்.

சட்டம் இருக்கிறது. 1997-இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது. 2013-இல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைவர் பெண்ணாயிருக்க வேண்டும். அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவா? மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும்; அங்கே புகார் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் தருவதற்கோ மூன்று மாதம்தான் கெடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்.

மூன்று மாதம்! ‘ஏன் அப்போதே சொல்லவில்லை’ என்று கேட்கும் தோழர்களே, கொஞ்சம் எண்ணுங்கள். வாரக்கூலி அந்த மேஸ்திரி கையில். வீட்டில் சொன்னால் வேலைக்குப் போகாதே என்பார்கள். ஊரில் சொன்னால் அவளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். புகழும் பாட்டும் உடைய பாடகிக்கே நேர்ந்ததைப் பார்த்த பிறகு, ஓவர்லாக் மிஷினில் இருக்கும் பெண் மூன்று மாதத்தில் வாய் திறப்பாளா?

எத்தனை தையல் கூடத்தில் அந்தக் குழு இருக்கிறது? நாம் அமர்ந்திருந்த கூடத்தில் பன்னிரண்டு மிஷின். நம் தோழருடையதுதான். சுவரில் தலைவர்கள் படம் இருந்தது. குழுவின் பெயர்ப்பட்டியல் இல்லை. கேட்டோம், தலையைச் சொறிந்தார். அவரைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி? அதுவரை நாமும் எந்த ஊரிலும் அதைக் கேட்டதில்லை.

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டித் தோழர்களே, மற்ற ஊர்த் தோழர்களே! படிப்பகத்தில் ஏடு போடுகிறீர்கள். கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுகிறீர்கள். அதோடு இதையும் செய்யுங்கள். உங்கள் கூடத்தில், பட்டறையில், மில்லில் அந்தக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அமைக்கச் செய்யுங்கள். ஒரு பெண் புகார் சொன்னால் மூன்று கேள்விகளை விட்டொழியுங்கள்: அவள் என்ன சாதி, அவன் எந்தக் கட்சி, இத்தனை நாள் ஏன் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது? விடை வரும்வரை கேளுங்கள். புகாருக்கு ஆளானவரையும் கேளுங்கள். அவர் நம்மவரானால் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஏனெனில் நம் காது அங்கேதான் மந்தம்.

தங்கையே, நீ கேட்டாய்: என்ன நடந்தது என்று கேட்பீர்களா, நம்ம ஆளா என்று பார்ப்பீர்களா என்று. 2018-இல் நாம் நம்ம ஆளா என்றுதான் பார்த்தோம். அது தவறு. அதை இந்த ஏட்டில், நம் தோழர்கள் படிக்கும் இதே பக்கத்தில், ஒப்புக்கொள்கிறோம். அடுத்த முறை தளவாய்புரம் வரும்போது மேடைக்குப் போகுமுன் உன் தையல் கூடத்துக்கு வருவோம். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பார்க்க மாட்டோம். சுவரில் அந்தப் பெயர்ப்பட்டியல் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். ஏறாதிருந்தால், அன்றைக்கு எமக்குத் துண்டு வேண்டாம்.